அடியில் கிடக்கும் நவம்பர்

நவம்பரில் விழுந்த பனி ஜனவரியில் ஆளைக் கொல்லும். ரோஜர்ஸ் கணவாய்ப் பக்கம் குளிர்காலத்தைக் கழிக்க வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இது. மேற்குக் கனடாவில், செல்கிர்க் மலைகளின் நடுவே, சுமார் 1,330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்தக் கணவாய். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் முட்டி, கொண்டுவந்ததையெல்லாம் இங்கே கொட்டிவிட்டுப் போகிறது. ஒரு குளிர்காலத்தில் பத்து மீட்டர் பனி விழுவது இங்கே சாதாரணம். கணவாய் வழியே போகும் நெடுஞ்சாலையை எட்டக்கூடிய பனிச்சரிவுத் தடங்கள் மட்டும் 130க்கு மேல்.

விழுந்த பனி விழுந்தபடி கிடப்பதில்லை. அதன் அடியில் தரை ஏறத்தாழ பூஜ்ஜிய டிகிரியில் இருக்கிறது. மேற்பரப்போ தெளிந்த இரவுகளில் மைனஸ் இருபதைத் தொடும். நடுவில் இருக்கும் பனி மெலிதாக இருந்தால், அந்தச் சிறிய கனத்துக்குள் இத்தனை வெப்ப வேறுபாடும் அடங்கியாக வேண்டும். மீட்டருக்குப் பத்து டிகிரி என்ற அளவைத் தாண்டும்போது அடியிலிருந்து நீராவி வேகமாக மேலேறுகிறது. போகிற வழியில் படிகங்களின் மேல் படிந்து உறைகிறது. ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருந்த துகள்கள் முனையும் மூலையுமாக வளர்ந்து பிடியை விட்டுவிடுகின்றன. கையில் அள்ளினால் சர்க்கரை போல விரலிடுக்கில் ஒழுகும்.

ஆக, பனி குறைவாக விழுந்த ஒரு நவம்பரும், அதையடுத்து நீண்ட குளிரும் சேர்ந்தால் மலைக்கு நொய்ந்த அடித்தளம் வாய்க்கிறது. பிறகு விழும் கனத்த பனி எல்லாம் அதன் மேல்தான் உட்கார வேண்டும். பனி அதிகமானால் ஆபத்து அதிகம் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். குறைவில்தான் பல ஆபத்துகள் பிறக்கின்றன.

*

இன்று மாலை காற்றே இல்லை. வானம் துல்லியம். இப்படிப்பட்ட இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் நேராக உறைந்து, மெல்லிய தகடுகளாக எழுந்து நிற்கும். காலையில் சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு தகடும் மின்னும். ஸ்கீ அதன் மேல் போகும்போது மெல்லிய கிலுகிலுப்பு கேட்கும். குளிர்காலம் தருகிற காட்சிகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

இந்தத் தகடுகள் வெயிலாலோ காற்றாலோ அழியாமல், அப்படியே அடுத்த பனிக்குள் புதைந்துவிட்டால் வாரக்கணக்கில் ஆபத்து. அதனால் இங்குள்ள வழிகாட்டிகள் அதைப் பார்த்து மகிழ்கிறார்கள், தேதியையும் குறித்துவைக்கிறார்கள். எந்த நாளில் புதைந்ததோ அந்த நாளின் பெயராலேயே அந்த அடுக்கை அழைப்பது வழக்கம். பிப்ரவரியில் இருவர் சந்தித்தால், ‘ஜனவரி பதினாறு எப்படி இருக்கிறது?’ என்று விசாரித்துக்கொள்கிறார்கள்.

*

நிச்சயமில்லாத இத்தனைக்கும் நடுவே நிச்சயமான ஒன்று உண்டு: கோணம். பாளமாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரையான சாய்வுகளில் புறப்படுகின்றன. அதிகம் புறப்படுவது 38ஐ ஒட்டி. ஸ்கீயில் இறங்க மனம் ஏங்கும் சாய்வும் அதேதான்.

கோணத்தை அளக்க ஒரு சின்னக் கருவி போதும். வரைபடத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பனிக்குள் எந்த அடுக்கு எப்படி இருக்கிறது என்று ஊகித்துக்கொண்டே இருக்கலாம். கோணத்தை ஊகிக்க வேண்டியதில்லை. 25 டிகிரிக்குக் குறைவான நிலத்தில், தலைக்கு மேல் செங்குத்தான சாய்வு எதுவும் இல்லாத இடத்தில் நடக்கிறவனுக்கு, பனியின் உள்விவகாரம் தெரியாவிட்டாலும் பெரிதாகக் கேடில்லை. ‘தலைக்கு மேல்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். காலடியைப் பார்த்து நடப்பது நம் பழக்கம். இங்கே வருவது மேலேயிருந்து.

*

ரயில்பாதை 1885இல் இந்தக் கணவாய் வழியாக வந்தது. அடுத்த கால் நூற்றாண்டில் பனிச்சரிவுகள் இருநூற்றுக்கும் அதிகமானவர்களைக் கொன்றன. தண்டவாளத்துக்கு மேல் மரக்கூரைகள் கட்டிப் பார்த்தார்கள். போதவில்லை.

1910 மார்ச் 4 இரவு. சியோப்ஸ் மலையிலிருந்து ஒரு சரிவு வந்து பாதையை மூடியிருந்தது. பனி வெட்டும் இயந்திரம் ஒன்றும், மண்வாரிகளோடு ஒரு கூட்டமும் அதை அகற்றிக்கொண்டிருந்தார்கள். வந்த சரிவு வந்துவிட்டது. அந்தப் பக்கத்து மலை தன் பாரத்தை இறக்கிவிட்டது. நள்ளிரவை ஒட்டி, எதிர்ப்பக்கத்து மலையிலிருந்து இரண்டாவது சரிவு இறங்கியது. 58 பேர் இறந்தார்கள். அவர்களில் 32 பேர் ஜப்பானிலிருந்து கூலிவேலைக்கு வந்தவர்கள். தப்பியவர் ரயில் எஞ்சினில் கரி போடும் பில்லி லாஷான்ஸ் ஒருவர்தான். தொண்ணூறு டன்னுக்கு மேல் எடையுள்ள எஞ்சின் தூக்கி எறியப்பட்டுத் தலைகீழாகக் கிடந்தது.

அந்த மனிதர்கள் எல்லோரும் விழுந்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை அங்கே இருந்தது, விளக்கு அங்கே இருந்தது. விழாத மலை அவர்களுக்கு முதுகுப்புறம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கூலிக்கு அந்த இரவில் அங்கே நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ரயில் நிறுவனம் மலையைக் குடைந்து எட்டு கிலோமீட்டர் சுரங்கம் போட்டு, 1916இல் கணவாயின் உச்சியைக் கைவிட்டது. 1962இல் அதே கணவாய்க்கு நெடுஞ்சாலை வந்தது. பீரங்கியோடு வந்தது என்று சொல்ல வேண்டும். பனி கூடும்போதெல்லாம் கனடா ராணுவத்தின் பீரங்கிப் படையினர் 105 மில்லிமீட்டர் ஹோவிட்சரால் சாய்வுகளைச் சுட்டு, சாலையை மூடி வைத்திருக்கும் நேரத்திலேயே பனியைக் கீழே கொண்டுவந்துவிடுகிறார்கள். போருக்குச் செய்த ஆயுதத்துக்கு இதைவிட நல்ல வேலை ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

*

சுடுகிற இடத்தில் ஆள் இருக்கக் கூடாது. அதனால் குளிர்காலத்தில் எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று, கணவாய் அமைந்திருக்கும் தேசியப் பூங்காவின் நிர்வாகம் தினமும் காலையில் அறிவிக்கிறது. அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகலாம். திறந்திருக்கிறது என்றால் இன்று அங்கே குண்டு விழாது என்று பொருள். பனி விழாது என்று பொருள் இல்லை. இதை அவர்களும் தெளிவாகவே சொல்கிறார்கள். ஆனாலும் காலை ஆறு மணிக்கு, காபி கையில் இருக்க, பட்டியலில் ‘திறப்பு’ என்று பார்க்கும்போது மனம் லேசாகிறதே, அதை என்ன செய்வது?

*

தடம் ஒன்று சாய்வின் குறுக்கே ஏறிப் போயிருந்தது. நேற்றோ முந்தாநாளோ யாரோ போட்டது. நல்ல தடம். காட்டை விட்டு வெளியே வந்ததும் நாங்கள் நின்றோம். இரண்டு எட்டு வைத்தபோது காலடியில் ‘வும்ப்’ என்று ஒரு கனத்த ஓசை. சுற்றியிருந்த பனிப்பரப்பு முழுதும் ஒரு விரற்கடை இறங்கியது. ஸ்கீயின் முனையிலிருந்து ஒரு விரிசல் மரங்கள் வரை ஓடியது. நாங்கள் நின்ற இடம் சமதளம் என்பதால் எதுவும் நகரவில்லை.

“அண்ணா, நேத்து இதே வழியிலதானே ஏறியிருக்காங்க?” என்றான் கூட வந்த தம்பி.

“ஏறியிருக்காங்க. அந்தச் சாய்வு அவங்கள எதுக்கு விட்டுதுன்னு உனக்குத் தெரியுமா?”

அவன் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “தெரியாதுண்ணா” என்றான். ஸ்கீயின் முனையைத் திருப்பிக்கொண்டு காட்டுக்குள் போனான். நான் பின்னால் போனேன்.

அந்த ஓசை, அடியிலிருக்கும் நொய்ந்த அடுக்கு நொறுங்கும் ஓசை. ஒரு புள்ளியில் தொடங்கிய நொறுங்கல் பக்கவாட்டில் பரவுகிறது. மேலிருக்கும் பாளம் பிடிப்பிழந்து தொய்கிறது. இதே காரியம் 38 டிகிரியில் நடந்தால் பாளம் கிளம்பிவிடும். சமதளத்திலிருந்து தொடங்கிய நொறுங்கல், மேலே தொலைவிலிருக்கும் சாய்வை எட்டி அதை இறக்கிவிடுவதும் உண்டு. மலை இதைவிடத் தெளிவாகப் பேசாது. பெரும்பாலான நாட்களில் இவ்வளவுகூடப் பேசாது.

*

2003 பிப்ரவரி 1. இந்தத் தேதி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் கொலம்பியா விண்கலத்தோடு போன நாள். அதே நாள், அதே காலை, இந்தக் கணவாயிலிருந்து மேற்கே பிரியும் கான்னாட் ஓடைப் பள்ளத்தாக்கில் ஒரு பள்ளிக்கூடக் குழு ஸ்கீயில் போய்க்கொண்டிருந்தது. பதினான்கு மாணவர்கள், பெரியவர்கள் மூன்று பேர். அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் படித்திருந்தார்கள். புதைந்தால் இடம் காட்டிக்கொடுக்கும் டிரான்ஸீவர் அணிந்திருந்தார்கள். இடைவெளி விட்டு, பள்ளத்தாக்கின் அடிப்பகுதியில் போனார்கள். சியோப்ஸ் மலையின் வடமுகத்திலிருந்து, யாரும் தொடாமல், தானாகவே ஒரு பெரிய சரிவு கிளம்பி அவர்கள் எல்லோரையும் மூடியது. ஏழு மாணவர்கள் இறந்தார்கள்.

அந்தக் குளிர்காலம் அப்படிப்பட்டது. நவம்பரில் பெய்த மழை பனியின் மேல் ஓடாக உறைந்து, அதை ஒட்டிக் கோணப் படிகங்கள் வளர்ந்து, அந்த அடுக்கு மாதக்கணக்கில் இந்த வட்டாரம் முழுவதையும் அச்சுறுத்தியது. பன்னிரண்டு நாட்களுக்கு முன்புதான், ஜனவரி 20 அன்று, இதே மலைத்தொடரில் வேறொரு சரிவில் இன்னொரு ஏழு பேர் இறந்திருந்தார்கள்.

இரண்டு ஏழுகள், மூன்று ஏழுகள் என்று எண்ணை வைத்து நான் எதுவும் சொல்ல வரவில்லை. என்னை நிறுத்துவது வேறு. கொலம்பியா ஏவப்பட்ட ஒன்றரை நிமிடத்துக்குள் எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத்துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. அது புதிதாக நடந்ததல்ல. முந்தைய பயணங்களிலும் நுரை பெயர்ந்திருக்கிறது, மோதியிருக்கிறது. கலம் திரும்பி வந்திருக்கிறது. திரும்பி வந்த ஒவ்வொரு முறையும், ‘இது ஒன்றும் செய்யாது’ என்ற எண்ணத்துக்கு ஒரு சான்று சேர்ந்தது. நாளடைவில் அது பறப்பின் பாதுகாப்பைப் பற்றிய கேள்வியாக இல்லாமல், தரையிறங்கிய பின் பார்த்துக்கொள்ள வேண்டிய பராமரிப்பு வேலையாகிவிட்டது. விசாரணைக் குழு அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் இந்த வழக்கத்தின் மேல்தான் விரல் வைத்தது.

கான்னாட் ஓடைப் பாதையில் எத்தனையோ குளிர்காலங்களாக எத்தனையோ பேர் போய் வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மாலையில் வீடு திரும்பி, தங்களை அறியாமல் அந்தப் பாதைக்கு ஒரு நற்சான்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சான்றுகளை நம்பித்தான் அடுத்தவர் போகிறார். நானும் போயிருக்கிறேன், இனியும் போவேன். மேலே இருந்த பனி அன்று விழவில்லை என்பது மட்டும்தான் அந்த நாட்களில் எனக்குத் தெரிந்த செய்தி. அது நொடியில் விழ இருந்ததா, விழவே வாய்ப்பில்லாமல் இருந்ததா என்று எந்த மாலையும் எனக்குச் சொன்னதில்லை.

*

அந்த ஏழு பிள்ளைகளுக்குப் பிறகு சில நல்ல காரியங்கள் நடந்தன. 2004இல் நாடு முழுவதற்குமான பனிச்சரிவு மையம் ரெவல்ஸ்டோக் ஊரில் தொடங்கியது. நிலத்தையே எளிது, கடினம், சிக்கல் என மூன்றாகத் தரம் பிரித்து வெளியிட்டார்கள். பனியின் நிலை தினமும் மாறும்; நிலத்தின் தரம் மாறாது. பள்ளிக்குழுக்கள் போகக்கூடிய இடங்களுக்குக் கண்டிப்பான விதிகள் வந்தன. அறிவு இப்படித்தான் வருகிறது. நேரம் கழித்து, பிறர் செலவில். படிக்கிற நமக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது என்பதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

*

பனிச்சரிவு அறிக்கை சொல்லும் ஆபத்து நிலைகள் ஐந்து. குறைவு, மிதம், கணிசம், அதிகம், உச்சம். நாலும் ஐந்தும் சொல்லும் நாட்களில் ஊரே வீட்டில் இருக்கும். உயிர்கள் அதிகம் போவது மூன்றில். வெயில் அடிக்கும், பனி புதிது, எண் நடுவில் நிற்கிறது. நடு என்றால் பரவாயில்லை என்று பரீட்சை காலத்திலிருந்தே பழகிவிட்டோம். ஆனால் இந்த அளவுகோல் ஏணிப்படி போலச் சம இடைவெளியில் ஏறுவதில்லை. ஒவ்வொரு நிலைக்கும் ஆபத்து பெருக்கலாகக் கூடுகிறது. மூன்று என்றால், ஒரே ஒரு ஆளின் எடை போதும், கிளம்பிவிடலாம் என்று பொருள்.

*

குழி தோண்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். முப்பது சென்டிமீட்டர் சதுரத் தூணாகப் பனியை வெட்டி நிறுத்தி, மேலே மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து எனத் தட்டுவார்கள். எந்தத் தட்டில் எந்த அடுக்கு விட்டுக்கொடுக்கிறது, எப்படி விட்டுக்கொடுக்கிறது என்று பார்ப்பார்கள். வழவழப்பாக, சட்டென்று நழுவினால் கெட்ட செய்தி.

கெட்ட செய்தி சொன்னால் நம்பு, நல்ல செய்தி சொன்னால் நம்பாதே என்று எனக்குக் கற்றுக்கொடுத்த வழிகாட்டி அம்மா சொல்வார். நாற்பதடி தள்ளித் தோண்டினால் விடை மாறலாம். காற்று பனியை ஒரு முகட்டிலிருந்து வாரி அடுத்த பக்கத்தில் கொட்டுகிறது. ஒரே சாய்வில் ஓரிடத்தில் அரை மீட்டர், இன்னோரிடத்தில் இரண்டு மீட்டர். மெலிந்த இடத்தில் கால் வைப்பவன்தான் அடியிலிருக்கும் அடுக்கை எழுப்புகிறான்.

*

இயன் மக்காமன் என்ற ஆய்வாளர் 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் நடந்த 715 விபத்துகளைப் பார்த்தார். பனியைப் பற்றித் தெரியாதவர்கள் மட்டும் அதில் இல்லை. பயிற்சி பெற்றவர்கள், பழகிய சாய்வுகளில், பழகாத இடத்தில் இருந்ததைவிட அதிகத் துணிச்சல் காட்டியிருந்தார்கள். அவர்களைத் தள்ளியவை இவை: பழக்கம், கூட்டாளிகளின் மதிப்பு, எடுத்த முடிவை விடாத பிடிவாதம், தலைவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை, யாரும் தொடாத பனிமேல் ஆசை, வேறு ஆட்கள் இருப்பதால் வரும் தெம்பு. படிகங்களைப் பற்றிய ஆராய்ச்சி மனிதனில் வந்து நின்றிருக்கிறது.

இதைப் படித்த பிறகு ஏறும்போது ஒரு காரியம் செய்கிறேன். எனக்கு இந்தச் சாய்வில் இறங்க வேண்டும் என்ற ஆசை இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன். ஆசை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் விடியற்காலையில் யார் எழுந்து வருவார்கள்? அது எவ்வளவு என்று தெரிந்திருந்தால், பனியைப் பற்றி நான் செய்யும் கணக்கில் அந்த அளவைக் கழித்துக்கொள்ளலாம்.

*

டிரான்ஸீவர், துழாவு கம்பி, மண்வாரி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வீண். டிரான்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸில் துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றி, அந்தத் துடிப்பைப் பின்தொடர்ந்து, கம்பியால் துழாவி, பின் தோண்ட வேண்டும். நேரம் முழுதும் தோண்டுவதில்தான் போகிறது. நின்றுபோன சரிவு கெட்டித்துவிடும். அலுமினியத் தகடு இல்லாமல் அதை உடைக்க முடியாது.

1994இல் சுவிட்சர்லாந்துத் தரவுகளை வைத்து வெளியான ஒரு கணக்கு: பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் நூற்றுக்கு 92 பேர் உயிரோடு இருக்கிறார்கள். முப்பத்தைந்து நிமிடத்தில் 30 பேர். பிற்பாடு வந்த ஆய்வுகள் அந்தப் பதினைந்தைப் பத்தாகக் குறைத்துவிட்டன. கனடாவில் இறப்பவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் மூச்சு முட்டுவதற்கு முன்பே மரத்திலோ பாறையிலோ அடிபட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு எந்தக் கருவியும் உதவாது.

பத்து நிமிடத்துக்குள் வெளியிலிருந்து யாரும் வர மாட்டார்கள். கூட வந்தவர்கள்தான். அதனால் யாரோடு போகிறோம் என்பது இங்கே பெரிய கேள்வி. பயிற்சிக்காகப் புதைத்த ஒரு பையை அவர் எத்தனை நிமிடத்தில் எடுக்கிறார் என்று தெரிந்தவரோடு போக வேண்டும். ‘வேண்டாம்’ என்று நான் சொன்னால் முகம் சுளிக்காதவரோடும்.

*

திறந்த சாய்வைக் கடக்க வேண்டியிருந்தால் ஒவ்வொருவராக. ஒருவர் போகும்போது மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். பேச்சில்லை. போகிறவர் நடுவில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அடுத்த மரக்கூட்டத்தை அடைந்து கையை உயர்த்துவார், பிறகு அடுத்தவர்.

இன்னொருவரை இத்தனை முழுமையாகப் பார்த்துக்கொண்டு வேறெங்காவது நிற்கிறோமா என்று அப்போது தோன்றும்.

*

பயணம் முடிந்ததும் வண்டியருகே நின்று, ஈரக் கையுறையைக் கழற்றுவதற்கு முன், வழிகாட்டிகள் தங்களுக்குள் ஒன்று கேட்டுக்கொள்வார்கள்: இன்று எங்கே மாட்டியிருக்கக்கூடும்? நல்லபடி முடிந்த நாளில்தான் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். மலை தராத விடையை நாமே தோண்டி எடுக்கும் வழி இது ஒன்றுதான். எங்கே இருவர் ஒரே நேரத்தில் சாய்வின் கீழ் இருந்தார்கள்? எந்த முடிவு சரியாக இருந்ததால் தப்பினோம், எது சும்மா வாய்த்தது? ‘எல்லாம் சரியாகத்தான் செய்தோம்’ என்று யாராவது சொன்னால் அந்த வழிகாட்டி அம்மா விடமாட்டார். இன்னொருமுறை வழியை முதலிலிருந்து சொல்லச் சொல்வார்.

*

நாளைய அறிக்கை வந்துவிட்டது. இரவில் முப்பது சென்டிமீட்டர் புதுப்பனி, தென்மேற்கிலிருந்து பலத்த காற்று. மரக்கோட்டுக்கு மேல் நாலு, மரக்கோட்டில் மூன்று, கீழே இரண்டு. வடக்கும் கிழக்கும் பார்த்த சாய்வுகளில் காற்று கொண்டுவந்த பாளம் இருக்கும். அதன் அடியில் போன வாரம் புதைந்த தகடுகள். காலையில் பீரங்கி பேசும், சாலை சில மணி நேரம் மூடியிருக்கும்.

தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். காட்டுக்குள்ளேயே இருப்போம், இருபது டிகிரி, மேலே தொங்குவது எதுவும் இல்லை, ஒன்பது மணிக்குக் கிளம்பினால் போதும். அவனிடமிருந்து பதில் வந்தது: “சரிண்ணா. மண்வாரியும் எடுத்துக்கிறேன்.”